முதுகில் தொங்கிய நூல்

இல்லை, ஜன்னலோரம் எனக்கு வேண்டாம். நீங்களே உட்கார்ந்துகொள்ளுங்கள். தப்பாக நினைக்காதீர்கள், நீங்கள் நல்ல அகலம். அந்தப் பக்கம் நீங்கள் இருந்தால் ரோட்டில் நிற்கிறவர்களுக்கு என் முகம் தெரியாது. முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டால் பஸ்ஸுக்குள் ஏறுகிறவர்களும் யாரோ ஜுரக்காரி என்று போய்விடுவார்கள். பாதி தூரத்துக்கு மேல் ஏறப்போவது பூராவும் எங்கள் கோயில் ஆட்கள், அதனால்தான்.

உங்களுக்கு வேலை ஒன்றும் இல்லையே? ஃபோனைச் சும்மாதானே தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படியானால் இந்தத் துணியின் ஒரு முனையைக் கொஞ்சம் பிடியுங்கள். இறுக்கி. இன்னும் இறுக்கி அம்மா, சாப்பிட்டுத்தானே வந்தீர்கள்? இந்தக் குலுக்கலில் தையலைப் பிரிக்கிற பிளேடு துணியில் இறங்கினால் தீர்ந்தது. சாயங்காலம் போட வேறு அங்கி கிடையாது.

என்ன பார்க்கிறீர்கள்? நைட்டி இல்லை. ஏசுநாதருடைய அங்கி.

எங்கள் ஊரில் ஈஸ்டர் முடிந்த கையோடு இரண்டு நாள் பாஸ்கா போடுவோம். ஏசுநாதர் பாடுபட்டு மரித்த கதையை மேடை கட்டி நடிப்பதற்குத்தான் பாஸ்கா என்று பேர். முதல் நாள் எங்கள் ஊருக்கு. அது நேற்று முடிந்தது. முடிந்தது என்றா சொன்னேன்? மானம் போனது. இரண்டாம் நாள் சுற்றுவட்டாரம் முழுவதற்கும். அது இன்று. இந்த வருஷம் ஏசுநாதர் என் மகன். ரெமிஜியுஸ். ரெமி என்று கூப்பிடுவோம்.

எங்கள் ஊரில் ஏசு வேஷம் கிடைப்பது சாதாரணம் இல்லை. தவக்காலம் பிறக்கிற சாம்பல் புதனிலிருந்து கறி கிடையாது, மீன் கிடையாது, பாயில்தான் படுக்கை, காலில் செருப்புப் போடக் கூடாது, யாரையும் ஏசக் கூடாது. தெருவில் அவன் நடந்து போனால் வயதான பெண்கள்கூட ஒதுங்கி வழிவிடுவார்கள். நான் அவனுக்குக் காய்கறிக் குழம்பாக வைத்துவைத்து அலுத்துப்போனேன். ஆனால் வெளியில் சொல்லிக்கொள்ளவில்லையே தவிர, காய்கறிக் கடையில் என்னைப் பார்த்ததும் கூட்டம் விலகியது எனக்குப் பிடித்திருந்தது.

இதில் ஒரே ஒரு முள். நாடகத்துக்கு உடுப்புத் தைக்கிற பொறுப்பு மதலேன் அக்காவுடையது. என் ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. நான் மருமகளாக அந்த வீட்டுக்குள் கால் வைத்தபோதே அவள் வாயில் குண்டூசியோடுதான் நின்றாள். குழந்தை குட்டி இல்லை. மேடைதான் அவளுக்கு எல்லாம். மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கிற குரல். ஏசுவுக்குத் தீர்ப்புச் சொல்கிற பிலாத்துக்கு வசனம் மறந்தால் திரைக்குப் பின்னாலிருந்து இவள் சொல்லிக்கொடுப்பது பிலாத்தைவிட நன்றாகக் கேட்கும். ரெமியைத் தொட்டிலில் இருந்து தூக்கி வளர்த்ததும் அவள்தான். அதை அவள் சொல்லிக்காட்ட மாட்டாள். சொல்லிக்காட்டினாலாவது திருப்பிச் சொல்ல எனக்கு ஒரு வார்த்தை கிடைத்திருக்கும்.

என் பிள்ளை போடுகிற அங்கியை அவள் தைப்பதா? நான் திருச்சியில் கான்வென்டில் படித்தவள். சிஸ்டர் பெர்னதெத் எங்களுக்குத் தையல் எடுத்தார். எடுத்தார் என்றால், வருஷம் பூராவும் ஒரே கைக்குட்டை. ஓரத்தை மடித்து ஹெம்மிங். எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று திருப்பிப் பார்த்தாலும் தெரியக் கூடாது. தெரிந்தால் பிரி, மறுபடி போடு. அந்தக் கைக்குட்டைக்கு எனக்குத்தான் முதல் மார்க். அதை வைத்துக்கொண்டு எனக்குத் தையல் தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். மிஷினில் உட்கார்ந்ததே இல்லை.

தவக்காலம் பிறந்ததும் போய் நின்றேன். கோயிலுக்குப் பின்னால் ஞானோபதேச வகுப்பு நடக்கிற அறைதான் தையல் அறை. “நானும் உதவிக்கு வர்றேன்க்கா” என்றேன். மதலேன் அக்கா குண்டூசியை வாயிலிருந்து எடுத்தாள்.

“உதவிக்கா? இல்ல, உம் மகன் உடுப்பு மேல கண்ணு வைக்கிறதுக்கா?”

“ரெண்டுக்கும்தான்னு வச்சுக்குங்களேன்.”

“அப்படிச் சொல்லு. உட்காரு.”

உட்கார்ந்தேன். மிதித்தேன். சக்கரம் பின்பக்கமாகச் சுற்றி, நூல் சிக்கி, ஊசி படக்கென்று முறிந்தது. “மெதுவாடி, அது மிஷினு. உம் புருஷன் இல்ல” என்றாள். அறையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. அன்றைக்கே எழுந்து போயிருக்க வேண்டும்.

முனையை விட்டுவிடாதீர்கள். ஆங், அப்படி.

முதலில் ரோமைப் போர்வீரர்களுக்குத் தைக்கக் கொடுத்தாள். இடுப்பிலிருந்து முழங்கால் வரை மடிப்பு மடிப்பாக ஒரு குட்டைப் பாவாடை மாதிரி வரும். நான் ஒவ்வொரு மடிப்புக்கும் கையால் ஹெம்மிங் போட்டேன், சிஸ்டர் பெர்னதெத் பார்த்தால் அழுதுவிடுவார், அவ்வளவு நேர்த்தி. மதலேன் அக்கா வாங்கிப் பார்த்தாள். “இது என்ன, கைக்குட்டையா? ஏன்டி, இதைக் கட்டிக்கிட்டு ஒருத்தன் ஓடணும், விழணும், சாட்டையால அடிக்கணும். போர்வீரன் என்ன கன்னியாஸ்திரியா, கால ஒட்டி வச்சு நடக்கிறதுக்கு?” என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கட்டிவிட்டாள். அவர் வருஷா வருஷம் போர்வீரன். படியில் ஒரு கால் வைத்தார். டர்ர்ர். அவர் வயிறு அப்படி, அது வேறு கதை. ஆனால் பழி என் தையலுக்கு.

பிறகு என்னை வாசல் கேட் வரை விரட்டினாள். “அங்க போய் நில்லு. நின்னுக்கிட்டு இந்த மடிப்பைப் பாரு. உன் ஹெம்மிங்கு தெரியுதா?”

“தெரியலை.”

“மடிப்பு தெரியுதா?”

“அதுவும் தெரியலை.”

“அப்ப யாருக்குத் தைக்கிற? கடைசி வரிசையில கண்ணு மங்கின கிழவி ஒருத்தி உட்கார்ந்திருப்பா. அவளுக்குத் தெரியணும்.”

இப்படித்தான் அம்மா எனக்குத் தையல் வந்தது. மேடைக்கு மடிப்பு என்றால் விரல் அகலம் போதாது, உள்ளங்கை அகலம் வேண்டும். தையலுக்கு உள்ளே மூன்று விரல் துணி விட வேண்டும். இந்த வருஷம் பிலாத்து ஒல்லி, அடுத்த வருஷம் குண்டாக ஒருத்தன் வருவான், பிரித்து விட்டுக்கொள்ளலாம். “ஆளுக்குத் தைக்காத, வேஷத்துக்குத் தை” என்பாள். புதுத் துணி வெளிச்சத்தில் பளபளக்கும் என்று தேயிலைத் தண்ணீரில் முக்கச் சொன்னாள். கோயிலின் பழைய வெல்வெட் திரையை வெட்டி ஏரோது ராஜாவுக்கு ஒரு மேலங்கி தைத்தேன். நானே தைத்தேன். தோளில் அது சரியாக விழுந்து நின்றபோது என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். மதலேன் அக்கா பார்த்துவிட்டு, “ம், கான்வென்டு தேறிருச்சு” என்றாள். பாராட்டு எப்படி வருகிறது பாருங்கள், அதிலும் ஒரு குத்தல்.

எனக்கு அந்த அறை பிடித்துப்போனது. சமையலை முடித்துவிட்டு ஓட்டமாக ஓடுவேன். வீட்டில் நான் எது செய்தாலும் யாரும் தள்ளி நின்று பார்த்ததில்லை. அங்கே நான் தைத்ததை ஒரு கூட்டம் கேட் வரை போய் நின்று பார்த்தது.

அப்புறம்தான் இந்த அங்கி வந்தது.

காடாத் துணி. வேதத்தில் என்ன எழுதியிருக்கிறது? ஆண்டவருடைய அங்கி மேலிருந்து கீழ் வரை தையலே இல்லாமல் நெய்யப்பட்டது. அதனால்தான் போர்வீரர்கள் அதைக் கிழிக்காமல் யாருக்கு என்று சீட்டுப் போட்டார்கள். நான் அதை அக்காவிடம் சொன்னேன். தோள் தையலையும் பக்கத் தையலையும் கண்ணுக்கே தெரியாமல் உள்ளே மடக்கித் தைத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் தெரியாது. அக்கா தடவிப் பார்த்தாள். கத்தரியை எடுத்து, முதுகில் கழுத்திலிருந்து விளிம்பு வரை நீளமாக ஒரு வெட்டு.

நான் துணியைப் பிடுங்கப் போனேன். “என்னக்கா பண்றீங்க!”

“சிலுவைக்கிட்ட வந்ததும் போர்வீரனுங்க அங்கியை உரியணும்ல? தலை வழியா உருவினா முள்முடி போகும், டோப்பா போகும். அதுக்குத்தான்.”

பெரிய நூலில் மெழுகுவத்தித் துண்டைத் தேய்த்தாள். வெட்டின இரண்டு ஓரத்தையும் சேர்த்து மேலிருந்து கீழே நீள நீளமாக ஓட்டுத்தையல் போட்டாள். கழுத்துப் பக்கம் முடிச்சு. அடியில் முடிச்சே கிடையாது. மேல் முடிச்சைப் பிடித்து இழுத்தால் வழுவழுவென்று நூல் மொத்தமும் வந்துவிடும், அங்கி தானாகப் பிளந்து விழும். இருட்டில் கைக்கு அகப்பட வேண்டும் என்று முடிச்சில் ஒரு மணியைக் கோத்தாள், அறுந்துபோன ஜெபமாலையிலிருந்து எடுத்தது. “வீட்டுத் துணிய கிழியாம இருக்கத் தைக்கணும். மேடைத் துணிய சொன்ன நேரத்துக்குக் கழலத் தைக்கணும், தெரிஞ்சுக்க” என்றாள்.

ஒத்திகையில் என் வீட்டுக்காரர் மணியை இழுத்தார். அங்கி பூப்போல விழுந்தது. எல்லோரும் “ஆ” என்றார்கள். ரெமி திரும்பி, “பெரியம்மா, சூப்பர்!” என்றான். என்னைப் பார்க்கவில்லை. அந்த அங்கியில் ஒவ்வொரு அங்குலமும் நான் தைத்தது. அவள் தைத்தது முதுகில் தொங்குகிற அந்த ஒரு நூல்.

அதுவும் எப்படித் தொங்கியது என்கிறீர்கள்! ஆண்டவர் முதுகில் நூலும் மணியும், ஆட்டுக்குட்டி கழுத்தில் தொங்குகிற மாதிரி. நேற்று மத்தியானம் இஸ்திரி போடுவதற்கு அங்கியை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். விரித்துப் போட்டேன். பார்த்தேன். பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. மேடைக்கு இரண்டு அடி தள்ளி பிஷப் ஹவுஸிலிருந்து வருகிறவர்கள் உட்காருவார்கள். என் பிள்ளை முதுகைக் காட்டிச் சிலுவை தூக்கும்போது அந்த நூல்தானே கண்ணில் படும்? மணியை வெட்டி எடுத்தேன். அவளுடைய நீளத் தையலுக்கு மேலே பொடிப்பொடியாகத் தைத்தேன். இரட்டை வரிசை. மிக நேர்த்தியாக.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? அங்கி கழல வேண்டும் என்பது எனக்கு மறந்தா போச்சு? மறக்கவில்லை. கழுத்து அகலமாகத்தானே இருக்கிறது, தலை வழியாக உருவிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். முள்முடி, டோப்பா எல்லாம் அவள் பயமுறுத்துவதற்குச் சொல்வது என்று நினைத்தேன். வீட்டுக்காரரிடமும் சொல்லிவைக்கலாம் என்றுதான் இருந்தேன். சொன்னால் ‘அண்ணியைக் கேட்டியா?’ என்பார். அதனால் சொல்லவில்லை.

இந்த இடத்தில் நன்றாக இழுத்துப் பிடியுங்கள். இங்கேதான் இரட்டைத் தையல்.

நேற்று நாடகத்தில், ‘அவருடைய ஆடைகளைக் களைந்தார்கள்’ என்று பின்னாலிருந்து வாசித்தார்கள். அந்த இடம் வந்ததும் எங்கள் பெண்கள் ஒப்பாரி எடுப்பார்கள். எடுத்தார்கள். எனக்கே கண் கலங்கியது. என் வீட்டுக்காரர் ரெமி முதுகில் கையை வைத்தார். தடவினார். மேலே தடவினார், கீழே தடவினார். மணியைத் தேடுகிறார். பார்க்கிறவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? போர்வீரன் ஏசுநாதருக்கு முதுகு சொறிந்துவிடுகிற மாதிரி. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இவருக்குப் பதற்றம் வந்துவிட்டது. இரண்டு கையாலும் பிடித்துக் கிழிக்கப் பார்த்தார். என் தையல் கிழியுமா? இன்னொரு போர்வீரன் ஓடிவந்து முன்பக்கம் பிடித்தான். இரண்டு பேருமாகத் தலை வழியாக உருவினார்கள். அங்கியோடு முள்முடியும் வந்தது, டோப்பாவும் வந்தது. உள்ளே என் பிள்ளையின் கிராப்புத் தலை.

“டேய், நம்ம ரெமிடா!” என்று ஒருத்தன் கத்தினான்.

ஒப்பாரி வைத்தவளும் சிரித்தாள். முள்முடி நிஜமான கருவேல முள். இழுத்த இழுப்பில் நெற்றியைக் கீறிவிட்டது. ரத்தம் ஒழுகியது. அதையும் சாயம் என்று நினைத்துக்கொண்டு சிரித்தார்கள். அவன் கையை விரித்தபடி கண்ணை மூடிக்கொண்டு நின்றான். நாற்பது நாள் பாயில் படுத்த பிள்ளை. நான் எழுந்து போய் அவன் தலையை முந்தானையால் மூடியிருக்கலாம். மூடவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம், “யாரு இப்படித் தைச்சுக் கொடுத்தாங்களோ” என்றேன். வாயிலிருந்து தானாக வந்தது. சத்தியமாகத் தானாக வந்தது.

முடிந்த பிறகு எங்கள் கோயில் ஃபாதர் தையல் அறைக்கு வந்தார். அங்கியை மேஜையில் வீசினார். “யார் தைச்சது இதை?” மதலேன் அக்கா எடுத்துத் திருப்பினாள். தையலை விரலால் நீவினாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பொடித் தையல் யாருடையது என்று அவளுக்குச் சொல்லவா வேண்டும்? பேசட்டும் என்று நான் தயாராக நின்றேன். பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

“நான்தான் ஃபாதர்” என்றாள். “மணி அறுந்துபோச்சு. அவசரத்துல கெட்டியாப் போட்டுட்டேன். கண்ணு முன்ன மாதிரி இல்ல.”

கண்ணா? ஊசியில் நூல் கோக்க என் கையிலிருந்து பிடுங்குகிறவள் அவள்! ஃபாதர் பத்துப் பேருக்கு முன்னால் அவளைப் பேசினார் பாருங்கள், நாயைக்கூட அப்படிப் பேச மாட்டோம். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அந்தக் குரல் எங்கே போச்சு? எல்லோரும் போன பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். “அம்மா தைச்ச துணியில புள்ளை ஊர் சிரிக்க நின்னான்னு பேச்சு வரக் கூடாது. நாளைக்கும் அவன் மேடை ஏறணும். போ, நெத்திக்கு மருந்து வை.”

நான் கேட்டேனா? நீங்களே சொல்லுங்கள், எனக்காக ஏற்றுக்கொள் என்று அவளை நான் கேட்டேனா? எவ்வளவு கெட்டிக்காரத்தனம்! நாலு வார்த்தையில் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டாள் பாருங்கள். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், கணக்குத் தீர்ந்திருக்கும்.

வீட்டில் ரெமி கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தான். மருந்து வைத்தேன். “அம்மா, பெரியம்மா ஏம்மா அந்த மணிய எடுத்தாங்க? நல்லாத்தானே இருந்துச்சு?” என்றான். நான் “எனக்கென்ன தெரியும்?” என்றேன். “இனிமே அவங்க கையால எதுவும் போட மாட்டேன்” என்றான். பெரியம்மா ஊட்டினால்தான் சாப்பிடுவேன் என்று அடம்பிடித்த பிள்ளை.

இது போதாது என்று காலையில் ஃபாதர் ஃபோன். “இனிமே உடுப்புப் பொறுப்பை நீங்க எடுத்துக்கணும். படிச்சவங்க, கான்வென்ட்ல முறையாத் தையல் பழகினவங்க. மதலேன் வீட்ல இருக்கட்டும், சொல்லிட்டேன்.” நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சரி ஃபாதர்” என்றேன். “தேங்க்யூ ஃபாதர்” என்றும் சொன்னேன். இங்கிலீஷில்.

ஃபோனை வைத்ததும் வீட்டில் இருக்க முடியவில்லை. அங்கியைப் பைக்குள் திணித்துக்கொண்டு திருச்சிக்கு பஸ் ஏறினேன், எங்கள் அண்ணன் வீட்டுக்கு. அங்கியை ஏன் எடுத்தேன் என்று கேட்காதீர்கள். அந்தத் தையலை வேறு யாரும் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். அண்ணி காபி கொடுத்து, “பாஸ்கா எப்படி நடந்துச்சு? ரெமி எப்படிச் செஞ்சான்?” என்று கேட்டாள். “ரொம்ப நல்லா” என்றேன். பாதிக் காபியை வைத்துவிட்டு எழுந்தேன். அதற்குள் வீட்டுக்காரர் ஃபோன். “அங்கி எங்க? அலமாரியெல்லாம் தேடியாச்சு. மதலேன் அண்ணி தையல் ரூம் வாசல்ல நின்னுக்கிட்டு, ‘அங்கி கிடைச்சிருச்சா, கிடைச்சிருச்சா’ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. உள்ள வாங்கன்னா வர மாட்டேங்கறாங்க.”

வாசலில் நிற்கிறாளாம். அவள் அறை வாசலில்.

அதுதான் திரும்பிப் போகிறேன். ஊர் போய்ச் சேர்வதற்குள் இதைப் பிரித்து அவள் போட்ட மாதிரி ஓட்டுத்தையல் போட்டுவிட வேண்டும். மெழுகுவத்தி கொண்டுவந்திருக்கிறேன். ஏதோ ஒரு மணியும் கோத்துக்கொள்ளலாம்.

கொஞ்சம் இருங்கள். பேசாதீர்கள். முன்சீட்டில் இப்போது ஏறி உட்கார்ந்தார்களே அந்த இரண்டு பெண்கள், எங்கள் பக்கத்து ஊர்தான். கேட்டீர்களா? ‘அந்த மதலேனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சாம், எதுக்கு இன்னும் பொறுப்பைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குது’ என்கிறாள். இன்னொருத்தி என்ன சொல்கிறாள்? ‘புள்ளை இல்லாதவ, அடுத்தவ புள்ளையப் பார்த்துப் பொறாமையில வேணும்னே செஞ்சிருப்பா.’

வேண்டுமென்றே செய்தாளாம். பொறாமையாம்.

பிடியுங்கள் இதை. நான் எழுந்திருக்கிறேன்.

*

தள்ளி உட்காருங்கள் கொஞ்சம். தண்ணீர் இருக்கிறதா? கொடுங்கள்.

பார்த்தீர்கள் இல்லையா, நான் எழுந்து நின்று தெளிவாகத்தானே சொன்னேன்? “ஏம்மா, வாயை அளந்து பேசுங்க. அந்தத் தையல் மதலேன் போட்டதில்ல. நான் போட்டது. நான்தான் மணிய வெட்டினேன்” என்று சொன்னேனா இல்லையா? பஸ் பூராவும் திரும்பிப் பார்த்தது. கண்டக்டர்கூட விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

அதற்கு அவள் என்ன செய்தாள்? எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ரெமி தம்பியோட அம்மாவா நீங்க? ஐயோ அக்கா, என்ன பெரிய மனசு உங்களுக்கு! சொந்தப் புள்ளைய அவ அசிங்கப்படுத்தியும் ஓரகத்திய விட்டுக்கொடுக்காம பழிய ஏத்துக்கிறீங்களே!” மற்றவள், “ஏசுவோட அம்மான்னா சும்மாவா? மாதா மாதிரியே பேசுறாங்க பாரு” என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

“இல்லைம்மா, நிஜமாவே நான்தான்” என்றேன். அங்கியைத் தூக்கிக் காட்டினேன். “என் தையலைப் பாருங்க!” எங்கே இருக்கிறது என் தையல்? நீங்களும் நானுமாகப் பிரித்துத் தள்ளிவிட்டோமே. ஊசிப் பொத்தல் வரிசைதான் இருக்கிறது. பொத்தலில் பேரா எழுதியிருக்கும்? அவள் அந்தத் துணியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள் அம்மா! கண்ணில் ஒற்றிக்கொண்டாள்!

அதோ, எனக்கு இடம் கொடுக்கச் சொல்லி யாரிடமோ சொல்கிறார்கள். ‘அம்மாவை முன்னாடி உட்கார வை’ என்று. வேண்டாம், நான் இங்கேயே இருக்கிறேன். நீங்கள் நூலைக் கோத்துக் கொடுங்கள், நான் மெழுகு தேய்க்கிறேன். இன்னும் கொஞ்சம் நீளமாக. முடிச்சு மேல்பக்கம் மட்டும். அடியில் போடாதீர்கள்.

முதலில் ஃபாதரிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். மைக்கில் சொல்லச் சொன்னாலும் சொல்லிவிடுவேன். இப்போது அந்தப் பயம்கூட எனக்கு இல்லை. ஏன் தெரியுமா? ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். ஃபாதர் என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணுவார். ஊர் கைதட்டும். மதலேன் அக்கா வாசலில் நின்றவள் நின்றபடி நிற்பாள்.

ரெமி இருக்கிறானே, அவன் நம்பிவிடுவான். ‘நான்தான் எடுத்தேன்டா’ என்று வாயைத் திறந்தால் போதும். ஏன், எப்படி என்றுகூடக் கேட்க மாட்டான். பெரியம்மாவை அவனுக்குத் தெரியும், என்னையும் தெரியும். உடனே நம்பிவிடுவான்.

இதுதான் நிறுத்தம். விசில் அடிக்கிறார். அதோ மேடைக்குப் பக்கத்தில், பச்சைச் சட்டை, செருப்பில்லாமல் நிற்கிறானே, அவன்தான். தலையைத் திருப்பாதீர்கள், பார்த்துவிடுவான். பிடியை விடுங்கள் அம்மா, துணியை. நான் இறங்கியாக வேண்டும்.